ஆற்று மீன், டேம் மீன் வறுவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேட்டூர், பவானிசாகர், அமராவதி, ஆழியாறு அணைகளிலும் காவிரி, பவானிக் கரைகளிலும் பிடித்த மீனை அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்து வறுப்பவர்களுக்கானது இந்தப் பக்கம். கடல் மீனுக்கு எழுதிய செய்முறையை ஆற்று மீனுக்கு அப்படியே எடுத்துக்கொண்டால் பாதிதான் சரிவரும். கொழகொழப்பு, சேற்று வாடை, சதைக்குள் ஒளிந்திருக்கும் பொடி முள் ஆகிய மூன்றுமே இங்கே அதிகம். மசாலாவைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். வறுவல் கெட்டுப்போவது பெரும்பாலும் அதற்கு முன்பே, கழுவும் இடத்தில்.

வறுக்கறதுக்கு எந்த மீன் வாங்கலாம்ங்க?

விலைக்கும் சுவைக்கும் பார்த்தால் ஜிலேபிதான். சதை கெட்டி, பொடி முள் இல்லை, 250 முதல் 400 கிராம் எடையில் முழு மீனாகவே தோசைக்கல்லில் போடலாம். 1952-ல் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட இந்த மீன் இப்போது எல்லா அணைகளிலும் இருக்கிறது. அமராவதி அணை அதற்கே பேர் போனது.

விரால் கிடைத்தால் யோசிக்க வேண்டாம். விலை கூடுதல்தான், ஆனால் நடுமுள்ளைத் தவிர தொந்தரவு இல்லை, வறுத்தாலும் உடையாது. கட்லா, ரோகு இரண்டையும் 2 கிலோவுக்கு மேற்பட்ட மீனாகப் பார்த்துத் துண்டு போடச் சொல்லுங்கள். சின்ன ரோகுவில் முள் பொறுக்கியே சோறு ஆறிவிடும். மிருகால் இன்னும் மோசம், அதைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம். வாளைக்குச் சதை மென்மை, கொழுப்பும் உண்டு. துண்டு ஒரு விரல் கனத்துக்குக் குறைந்தால் திருப்பும்போது உடைந்துவிடும். ஆரால் பார்க்கப் பாம்பு மாதிரி இருந்தாலும் வறுவலுக்கு அருமையான மீன்.

கெளுத்தி எங்கள் கணக்கில் குழம்பு மீன். கரும்பாய், மீசையோடு, 2 கிலோ 3 கிலோ என்று மலிவாக விற்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியை வாங்கவே வேண்டாம். இந்தியாவில் அதை வளர்க்கத் தடை இருக்கிறது. கழிவுகளைப் போட்டு வளர்க்கப்படுவதாகப் புகார்களும் தொடர்ந்து வருகின்றன.

புது மீன்தானான்னு எப்படிப் பாக்கறது?

செவுளைத் தூக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பாக இருந்தால் புதுசு. பழுப்பேறியிருந்தால், அல்லது வெளுத்துக் கொழகொழவென்றிருந்தால் பழசு. விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலெழ வேண்டும். கண் புடைத்துத் தெளிவாக இருக்க வேண்டும்.

இவற்றைவிட முக்கியமானது வயிறு. ஆற்று மீன் முதலில் கெடுவது வயிற்றில்தான். குடலில் உள்ள செரிமான நீர், மீன் செத்த பிறகு வயிற்றுச் சதையையே கரைக்க ஆரம்பிக்கும். சித்திரை வைகாசி வெயிலில் ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தாலே வயிறு தொளதொளத்து விலா முள் வெளியே தெரியும். அப்படிப்பட்ட மீனை என்ன மசாலா போட்டும் காப்பாற்ற முடியாது. அணையிலிருந்து வீட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் என்றால், கரையிலேயே குடலை எடுத்துவிட்டு, மீன் எவ்வளவோ அவ்வளவு எடைக்கு நொறுக்கிய ஐஸ் போட்டுக் கொண்டு வாருங்கள்.

துள்ளற மீனை அப்படியே வெட்டி உடனே வறுத்தா ருசி அதிகம்ங்கறாங்களே?

கைப்பிடி அளவுள்ள மீனுக்கு அது சரி. பெரிய மீனுக்குச் சரியில்லை. செத்த உடனே வெட்டிய துண்டைச் சூட்டில் போட்டால் சதை சுருண்டு இழுத்துக்கொள்ளும். துண்டு வில்லாக வளையும், நடுவில் கல் படாது, ஓரம் கருகி நடு வெந்தும் வேகாமலும் நிற்கும். விராலில் இதை நன்றாகவே பார்க்கலாம், சில சமயம் மசாலா தடவும்போதே சதை துடிக்கும். பெரிய மீனை உடனே கொன்று, சுத்தம் செய்து, முழுசாகவோ பெரிய துண்டாகவோ ஐஸில் வைத்துவிட்டு, செத்தபின் வரும் விறைப்பு தளர்ந்த பிறகு வறுங்கள்.

உயிர் மீனை மூச்சுத் திணறிச் சாக விடாதீர்கள். தலையில் ஓங்கி ஓர் அடி, பிறகு செவுளுக்கு அடியில் ஒரு வெட்டு, 5 நிமிடம் வாளித் தண்ணீரில். ரத்தம் வடிந்த மீனின் சதை வெளுப்பாக இருக்கும், கவுச்சியும் பாதியாகும்.

கொழகொழப்பு போகவே மாட்டேங்குது. சுத்தம் பண்ற முறையை வரிசையாச் சொல்லுங்க.

முதலில் கத்தரிக்கோலால் துடுப்புகளை வெட்டுங்கள். ஜிலேபியின் முதுகு முள் ஊசி மாதிரி குத்தும். வாலிலிருந்து தலைப்பக்கமாக வெட்டினால் அது மடங்காமல் கத்தரிக்கு மாட்டும்.

அடுத்தது செதில். கத்தியின் முதுகுப்புறத்தால் வாலிலிருந்து தலைக்கு எதிர்த்துச் சீவ வேண்டும். அகலமான பாத்திரத்தில் மீன் மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு அதற்குள்ளேயே சீவினால் செதில் சமையலறை முழுக்கப் பறக்காது. வயிற்றடி, செவுள் ஓரம், துடுப்பு மூலை மூன்றிலும் செதில் தங்கியிருக்கும், விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடியும்.

கொழகொழப்பைத் தண்ணீர் மட்டும் விட்டுக் கழுவிப் போக்க முடியாது. தண்ணீரை இழுத்து இன்னும் ஊறுகிற பொருள் அது. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கை கல்லுப்பும் ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளும் போட்டு, தண்ணீர் விடாமல், சொரசொரப்பான கல்லிலோ மண் சட்டியிலோ வைத்து 3 நிமிடம் தேயுங்கள். வெள்ளையாக நுரைத்து வரும். கழுவிவிட்டு இன்னொரு முறை. விரல் வழுக்காமல் கிறீச்சென்று நின்றால் போதும்.

விராலுக்கும் ஆராலுக்கும் விறகடுப்புச் சாம்பலை மிஞ்ச எதுவும் இல்லை. சாம்பலின் காரத்தன்மை கொழகொழப்பைக் கரைக்கும், கைக்கும் பிடி கிடைக்கும். நிலக்கரிச் சாம்பலோ குப்பை எரித்த சாம்பலோ கூடாது. சாம்பலே கிடைக்காத வீட்டில், கொதி நிலைக்குச் சற்றுக் கீழே இருக்கும் வெந்நீரில் மீனை 10 விநாடி முக்கி எடுங்கள். கொழகொழப்பு வெள்ளையாகத் திரண்டுவிடும், கத்தியால் வழித்துவிடலாம். அரை நிமிடம் விட்டால் தோலே கிழியும்.

இனி வயிறு. மலத்துளையிலிருந்து தொண்டை வரை கத்தி முனை மட்டும் உள்ளே போகுமாறு கீறுங்கள். ஆழமாகப் போனால் பித்தப்பை உடையும். குடலை மொத்தமாகப் பிடித்து இழுத்தபின் இரண்டு வேலை பாக்கி. ஒன்று, வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வு. ஜிலேபியில் இது கெட்டியாக இருக்கும், பழைய துணியாலோ ஸ்டீல் நாராலோ தேய்த்து எடுக்க வேண்டும். இன்னொன்று, நடுமுள்ளை ஒட்டி ஓடும் ரத்தக் கோடு. அதன் மேல் தோலைக் கீறி, கட்டை விரல் நகத்தால் வழித்துத் தண்ணீரில் அலசுங்கள். கடைக்காரர் வெட்டிக் கொடுக்கும் மீனில் இந்த இரண்டும் அநேகமாக அப்படியேதான் இருக்கும். வாடைக்கும் கைப்புக்கும் பாதிக் காரணம் இவைதான்.

கட்லா, ரோகு தலையை வைத்துக்கொள்வதானால் செவுளை முழுதாகப் பிடுங்கிவிட்டு, தொண்டைக்குள் இருக்கும் பல் எலும்பையும் எடுத்துவிடுங்கள். சேறு அங்கேதான் தங்கும்.

பித்தப்பை உடைஞ்சுட்டா மீனைத் தூக்கிப் போட்டறதா?

வேண்டாம். பச்சை படிந்த இடத்தைச் சதையோடு செதுக்கி எறியுங்கள். மிச்சத்தைக் கல்லுப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்து உடனே கழுவுங்கள். வறுத்தால் கைப்பு போய்விடும் என்று நினைத்து விடக்கூடாது, சூட்டுக்கு அது அசையாது.

சர்க்கரைக்கும் கண்ணுக்கும் நல்லது என்று ரோகு, கட்லா பித்தத்தைப் பச்சையாக விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கெண்டை வகை மீன்களின் பித்தம் விஷம். சிறுநீரகம் செயலிழந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் பற்றி இந்திய மருத்துவர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். வேக வைத்தாலும் அந்த விஷம் போகாது.

எவ்வளவு கழுவியும் சேத்து வாடை அடிக்குதுங்க. ஏன்?

அது மேலே ஒட்டிய சேறு இல்லை. நீரிலும் அடி மண்ணிலும் வாழும் சிலவகைப் பாசியும் நுண்ணுயிரிகளும் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. முதல் மழை விழுந்ததும் மண்ணிலிருந்து எழும் வாசம் இதுவேதான். மீன் அதைச் செவுள் வழியாக இழுத்துக் கொழுப்பில் சேர்த்துக்கொள்கிறது. கோடையில் நீர் குறைந்து பச்சையேறிய குளத்து மீனில் வாடை கூடுதலாகவும், ஓடும் ஆற்று மீனில் குறைவாகவும் இருப்பது இதனால்தான்.

கொழுப்பில் சேர்வதால் அது தங்கும் இடங்களும் தெரிந்தவையே: தோல், வயிற்றடிக் கொழுப்பு, பக்கவாட்டில் தோலுக்குக் கீழே ஓடும் கருஞ்சிவப்புச் சதை. வாடை பலமாக இருக்கும் மீனில் தோலை உரித்து, அந்தச் சிவப்புப் பட்டையையும் செதுக்கிவிடுங்கள். எடையில் கொஞ்சம் போகும், பரவாயில்லை.

அடுத்த ஆயுதம் புளிப்பு. ஜியோஸ்மின் புளிப்பில் உருமாறி வாசம் இழந்துவிடும். எலுமிச்சை அளவு புளியை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு, துண்டுகளை 15 நிமிடம் ஊற விடுங்கள். புளித்த மோரும் அதே வேலையைச் செய்யும். அரை மணியைத் தாண்ட வேண்டாம், சதையின் மேற்புறம் வெந்தது மாதிரி வெளுத்து மாவாகிவிடும். பாலில் ஊறப்போடச் சொல்லும் யோசனை இப்போது பரவியிருக்கிறது. கவுச்சிக்கு அது கொஞ்சம் உதவும், சேற்று வாடைக்குப் புளிப்பு வேண்டும்.

உயிரோடு விரால் வாங்கினால் நல்ல தண்ணீர்த் தொட்டியில் இரை போடாமல், தினமும் தண்ணீர் மாற்றி 3, 4 நாள் விட்டாலே வாடை பெருமளவு இறங்கும். தொட்டிக்கு மூடி அவசியம், விரால் எகிறிக் குதித்துவிடும்.

கெளுத்தி முள்ளு கையில ஏறிடுச்சு. என்ன பண்ண?

முதுகில் ஒன்று, பக்கத் துடுப்புகளில் இரண்டு என மூன்று முள்ளிலும் விஷம் உண்டு. ரத்தத்தைக் கழுவிவிட்டு, பொறுக்கக்கூடிய அளவு வெந்நீரில், ஏறக்குறைய 45 டிகிரியில், குத்துபட்ட கையை 30 முதல் 90 நிமிடம் வைத்திருங்கள். வலிக்கும் கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, அடுத்த கையால் பார்த்துக்கொள்ளுங்கள். முள் முனை உள்ளே ஒடிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ டாக்டரிடம் போங்கள், டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி பற்றியும் கேளுங்கள். இனிமேல் வெட்டும்போது குறட்டால் மூன்று முள்ளையும் ஒடித்துவிட்டுப் பிறகு கத்தியை எடுங்கள்.

ரோகு, கட்லாவில பொடி முள்ளுக்கு வழி இருக்குதா?

இருக்கிறது. அந்த முள் ஒய் எழுத்து வடிவில் சதைக்குள் கிடக்கிறது, நடுமுள்ளோடு ஒட்டியிருக்காது. முதுகுப் பக்கத்திலும் வால் பக்கத்திலும்தான் அதிகம். வால் பகுதியைத் துண்டு போடாமல் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, தோல் கீழே இருக்கும்படி வைத்து, 3 மில்லிமீட்டருக்கு ஒன்றாகத் தோல் அறுபடாமல் கீறிக்கொண்டே போங்கள். கத்தி நறநறவென்று முள்ளை அறுப்பது கேட்கும். துண்டான முள் சூடான எண்ணெயில் மொறுமொறுத்துச் சதையோடு சேர்ந்து போய்விடும். இதற்கு முக்கிப் பொரிக்க வேண்டும், தோசைக்கல் சூடு போதாது. குழந்தைகளுக்கு மட்டும் எப்படிக் கீறினாலும் வயிற்றுத் துண்டையே கொடுங்கள். அதில் இருப்பது பெரிய விலா முள், கண்ணுக்குத் தெரியும்.

மசாலா அளவு?

சுத்தம் செய்த 1 கிலோ மீனுக்கு: மிளகாய்த்தூள் 2 மேசைக்கரண்டி, மஞ்சள் தூள் 1 தேக்கரண்டி, மிளகும் சீரகமும் பொடித்தது தலா 1 தேக்கரண்டி, பூண்டு 10 பல், இஞ்சி ஒரு விரல் கணு, சின்ன வெங்காயம் 6, உப்பு 15 கிராம், எலுமிச்சை 1, அரிசி மாவு 1 மேசைக்கரண்டி, கடலெண்ணெய் 1 மேசைக்கரண்டி, ஒரு கொத்துக் கறிவேப்பிலை. பூண்டு, இஞ்சி, வெங்காயத்தைத் தண்ணீர் விடாமல் அம்மியில் நைத்து, மற்றதோடு எலுமிச்சைச் சாறு விட்டுக் கெட்டியாகப் பிசைந்துகொள்ளுங்கள். மசாலா விரலில் ஒட்டி நிற்க வேண்டும், வடியக்கூடாது.

மஞ்சள் தூளை இதற்குமேல் கூட்டாதீர்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சள் பக்கத்திலேயே விளைகிறது என்பதற்காக அள்ளிப் போட்டால் கைக்கும். மல்லித்தூள் வறுவலுக்கு வேண்டாம் என்பது எங்கள் கருத்து, சீக்கிரம் கருகி மண்ணடிக்கும். புளித் தண்ணீரில் ஊறிய மீனுக்கு எலுமிச்சை பாதி போதும்.

மீனைத் துணியால் ஒற்றி ஈரம் எடுத்த பிறகுதான் மசாலா. முழு ஜிலேபிக்கு இரண்டு பக்கமும் சாய்வாக மூன்று கீறல், கத்தி முள்ளைத் தொடும் வரை. கீறலுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் மசாலாவை அழுத்துங்கள். 30 நிமிடம் ஊறினால் போதும். ராத்திரி முழுக்க ஊற வைத்தால் புளிப்பும் உப்பும் சேர்ந்து சதையை உலர்த்திவிடும்.

எந்த எண்ணெய், எவ்வளவு சூடு, எத்தனை நிமிசம்?

கடலெண்ணெய். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் எண்ணெயில் வறுப்பார்கள், விராலுக்கு அதுவும் பொருந்தும். செக்கு எண்ணெய் சீக்கிரம் புகையும், அதனால் கல்லில் மிதமான தீயில் வறுக்க அது சரி. வடைச்சட்டியில் முக்கிப் பொரிக்க ரீஃபைண்ட் எண்ணெய் தாங்கும்.

முக்கிப் பொரிக்க எண்ணெய் 170 முதல் 180 டிகிரி. மானி இல்லாவிட்டால் மசாலாவில் மிளகளவு கிள்ளிப் போடுங்கள்: அடியில் தொட்டு உடனே மேலே வந்து பொரிந்தால் சரி, அடியிலேயே தங்கினால் சூடு போதாது, விழுந்ததும் கறுத்தால் அதிகம். ஒன்றரை சென்டிமீட்டர் கனத் துண்டுக்கு 5, 6 நிமிடம். ஒரே நேரத்தில் சட்டி கொள்ளுமளவு போட்டுவிடாதீர்கள், எண்ணெய் ஆறி மீன் அதைக் குடிக்கும்.

தோசைக்கல்லில் என்றால் அதே துண்டுக்கு முதல் பக்கம் 4, 5 நிமிடம், மறுபக்கம் 3, 4 நிமிடம். 300 கிராம் முழு ஜிலேபிக்குப் பக்கத்துக்கு 6, 7 நிமிடம், தீயை மிதத்துக்கும் கீழே இறக்கி. கனமான இடத்தில் குச்சி விட்டுப் பாருங்கள். சதை கண்ணாடி மாதிரி இல்லாமல் வெளுத்து, முள்ளிலிருந்து தானாகப் பிரிந்தால் வெந்தது.

கல்லுல ஒட்டிப் பிஞ்சு போகுது.

மூன்றில் ஒன்று: கல் காயவில்லை, மீன் ஈரம், அல்லது பொறுமை இல்லை. கல் நன்றாகக் காய்ந்து, அதன்பிறகு எண்ணெய், அதுவும் காய்ந்தபிறகு மீன். போட்டபின் தொடாதீர்கள். அடிப்பக்கம் பொருக்குக் கட்டியதும் மீன் தானே கல்லை விடும், அதுவரை கரண்டி போட்டால் தோல் கல்லிலும் சதை கையிலும் நிற்கும். கல்லின் மேல் கறிவேப்பிலையைப் பரப்பி அதன்மேல் மீனை வைப்பதும் நல்ல உபாயம்.

மசாலா மட்டும் உதிர்ந்து எண்ணெய்ல கருகுது.

மசாலாவில் தண்ணீர் கூடிவிட்டது, அல்லது ஊறும்போது மீன் விட்ட நீரோடு சேர்த்துப் போட்டிருக்கிறீர்கள். அடியில் தேங்கிய நீரை வடித்துவிட்டு, போடும் முன் இன்னொரு தேக்கரண்டி அரிசி மாவைத் தூவிப் புரட்டுங்கள். உதிர்ந்ததைக் கண்கரண்டியால் ஒவ்வொரு ஈட்டுக்கும் அள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது ஈடு கைக்கும்.

கொடிவேரி, மேட்டூர் கடையில வாங்கற மாதிரி மொறுமொறுப்பும் செகப்பும் வீட்ல வர்றதில்லையே?

மொறுமொறுப்பு பெரிய சட்டியாலும் பெரிய தீயாலும் வருவது. பல கடைகளில் காலையிலேயே முக்கால் பதம் பொரித்து அடுக்கிவிட்டு, ஆள் வந்ததும் மறுபடி எண்ணெயில் போட்டுத் தருவார்கள். வீட்டிலும் செய்யலாம்: 160 டிகிரியில் 4 நிமிடம், எடுத்துக் கம்பித் தட்டில் 10 நிமிடம் ஆறவிட்டு, 190-ல் ஒரு நிமிடம். முதல் பொரிப்பில் உள்ளே வேகும், ஆறும்போது நீர் மேலே வரும், இரண்டாவது அதை விரட்டும். அரிசி மாவோடு ஒரு மேசைக்கரண்டி சோள மாவும் சேர்த்தால் பொருக்கு நிற்கும்.

சிவப்புக்குச் சில இடங்களில் கலர் பொடி சேர்க்கிறார்கள். வீட்டுக்கு அது எதற்கு? மிளகாய்த்தூளில் பாதியைக் காஷ்மீரி மிளகாயாக மாற்றினால் போதும்.

சினையை வறுக்கும்போது வெடிக்குது.

மேல் சவ்வுக்குள் நீராவி அடைபடுவதால். உப்பு மஞ்சள் தண்ணீரில் 5 நிமிடம் வேக வைத்து, ஆறியபின் துண்டு போட்டு மசாலா தடவி வறுங்கள்.

அயிரை, கெண்டைப் பொடிக்கு இதே முறைதானா?

இல்லை. அயிரையைக் குடல் எடுக்க முடியாது. உயிர் அயிரையை மோர் கலந்த தண்ணீரில் விட்டால் உள்ளிருக்கும் மண்ணைக் கக்கும். பிறகு கல்லுப்புப் போட்டு மண் சட்டியில் உரசிக் கழுவலாம். அதை வறுக்காதீர்கள், குழம்புக்குப் பிறந்த மீன். கெண்டைப் பொடிக்கு வயிற்றை நகத்தால் கீறி அமுக்கினால் குடல் வந்துவிடும். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, அரிசி மாவு மட்டும் போட்டுப் புரட்டி 180 டிகிரியில் 3 நிமிடம். முள்ளோடு மெல்லலாம்.

நொய்யல்ல பிடிச்ச மீனைச் சாப்பிடலாமா?

திருப்பூருக்குக் கீழே வேண்டாம். சாயக்கழிவு பல்லாண்டுகள் ஓடிய ஆறு அது. 1992-ல் பாசனத்துக்குத் திறந்த ஒரத்துப்பாளையம் அணை அந்தக் கழிவாலேயே வீணானது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் அதற்காகத்தான். மீனில் சேர்ந்த கன உலோகத்தைக் கழுவியோ புளியில் ஊற வைத்தோ வறுத்தோ நீக்க முடியாது. ஊர்ச் சாக்கடை கலக்கும் எந்தக் குளத்துக்கும் இதே பதில்தான்.

மீதியை எப்படி வெச்சுக்கறது?

மசாலா தடவாத துண்டை ஈரம் ஒற்றி, காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம். மசாலா தடவியதை, எலுமிச்சை சேர்க்காமல், ஃப்ரிட்ஜில் ஒரு நாள். வறுத்ததை மறுநாள் சூடு பண்ண மைக்ரோவேவ் வேண்டாம், ரப்பராகும். தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் மூடாமல் சூடாக்குங்கள். வறுத்த எண்ணெயை வடிகட்டி அடுத்த மீனுக்கு ஒருமுறை பயன்படுத்தலாம். நுரை கட்டினாலோ கறுத்தாலோ கொட்டிவிடுங்கள், வேறு பலகாரத்துக்கு அது ஆகாது.